20,000 ரூபாய், மூன்று வகுப்பறை: எதை முதலில் வாங்கலாம்?

போன ஜூன் மாதம் எங்கள் பள்ளியில் படித்து இப்போது வேலைக்குப் போயிருக்கும் பழைய மாணவர்கள் ஐந்தாறு பேர் வந்தார்கள். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு 20,000 ரூபாய் சேர்த்திருந்தார்கள். "ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைங்களுக்குப் பயன்படுற மாதிரி ஏதாவது டெக்னாலஜி வாங்குங்க டீச்சர். எதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க" என்று சொல்லித் தலைமையாசிரியரிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். எங்களுடையது கிராமத்தில் இருக்கும் அரசு உதவி பெறும் நடுநிலைப் பள்ளி. அரசுப் பள்ளிகளுக்கு வந்த ஸ்மார்ட் வகுப்பறை எங்களுக்கு வரவில்லை. அதனால் இந்தப் பணம் எங்களுக்குப் பெரிது. தப்பாக வாங்கிவிட்டால் அடுத்த 20,000 எப்போது வரும் என்று தெரியாது.

அன்று மதியச் சாப்பாட்டு நேரத்திலேயே பேச்சு ஆரம்பித்துவிட்டது. ஒருவர் ப்ரொஜெக்டர் என்றார். இன்னொருவர் டிவி. ஆங்கில ஆசிரியர் நல்ல ஸ்பீக்கர் போதும் என்றார். டேப்லெட் என்றும் ஒரு குரல். நான் அந்த மூன்று வகுப்புக்கும் கணக்கும் அறிவியலும் எடுக்கிறேன். விசாரித்துச் சொல்லும் வேலை என்னிடம் வந்தது. கடைகளில் கேட்டதையும், மற்ற பள்ளிகளில் பார்த்ததையும், வாங்கிய பிறகு இந்த ஒரு வருடத்தில் கண்டதையும் சேர்த்து எழுதுகிறேன். இதே முடிவை எடுக்க வேண்டிய ஆசிரியர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். விலைகள் நான் விசாரித்த நேரத்தில் சொன்னவை. உங்கள் ஊரில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

எதைப் பார்த்தாலும் இரண்டு கேள்வி கேட்டேன். இது கடைசி பெஞ்சுப் பிள்ளைக்குப் போய்ச் சேருமா? கரண்ட் போனால் பாடம் நின்றுவிடுமா?

ப்ரொஜெக்டரா, டிவியா

முதலில் ப்ரொஜெக்டர். பெரிய படம், சினிமா மாதிரி. பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் எங்கள் வகுப்பறையில் இரண்டு பக்கமும் பெரிய ஜன்னல், திரைச்சீலை கிடையாது. வெளிச்சம் இருக்கும் அறையில் எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டுமென்றால் குறைந்தது 3,000 ஆன்சி லுமன் வேண்டும். லுமன் என்பது ஒளியின் அளவு, ஆன்சி என்றால் அதை முறைப்படி அளந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பெயர் தெரிந்த நிறுவனங்களில் அந்த அளவு வாங்கினால் 35,000 ரூபாய்க்குக் கீழே எனக்குக் கிடைக்கவில்லை. 20,000-க்குள் கிடைப்பவை எல்லாம் சின்ன எல்இடி ப்ரொஜெக்டர்கள். அட்டைப்பெட்டியில் 9,000 லுமன் என்று போட்டிருக்கும். பக்கத்தில் 'ஆன்சி' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த எண்ணை நம்பாதீர்கள். உண்மையான அளவு பெரும்பாலும் சில நூறுதான் தேறும்.

தெரிந்த பள்ளி ஒன்றில் அப்படி ஒன்றை வாங்கி வைத்திருந்தார்கள். போய்ப் பார்த்தேன். காலை 11 மணிக்கு ஜன்னல் கதவையெல்லாம் சாத்தி, கதவிடுக்கில் துணி வைத்து அடைத்த பிறகு படம் தெரிந்தது. பத்து நிமிடத்தில் பிள்ளைகளின் சட்டை வியர்வையில் நனைந்துவிட்டது. நோட்டில் எழுதவும் வெளிச்சமில்லை. பார்க்கலாம், எழுத முடியாது என்றால் அது கணக்குப் பாடத்துக்கு ஆகாது. ப்ரொஜெக்டர் என் பட்டியலிலிருந்து அன்றே போய்விட்டது. இருட்டாக்கக்கூடிய தனி அறையும், மாட்டி வைக்க நிரந்தர இடமும் உள்ள பள்ளிக்கு அது சரி.

அடுத்தது டிவி. 32 இன்ச் 10,000 முதல் 13,000 வரை. 43 இன்ச் 18,000-லிருந்து 25,000 வரை. விலையைப் பார்த்ததும் 32 இன்ச் வாங்கி, மிச்சப் பணத்தில் வேறு ஏதாவது வாங்கலாமே என்றுதான் தோன்றும். எனக்கும் தோன்றியது. அப்புறம் ஒரு டேப்பை எடுத்துக் கணக்குப் போட்டேன். டிவியின் இன்ச் என்பது மூலைக்கு மூலை குறுக்களவு. 32 இன்ச் டிவியின் திரை அகலம் சுமார் 28 இன்ச், உயரம் 16 இன்ச்சுக்குக் கொஞ்சம் குறைவு. நாம் படம் வரைந்து சுவரில் ஒட்டும் சார்ட் பேப்பர் இருக்கிறதே, அது 28-க்கு 22 இன்ச். அதாவது 32 இன்ச் டிவி ஒரு சார்ட்டைவிடச் சின்னது!

நம்பாமல் செய்து பார்த்தேன். ஒரு சார்ட்டை 28-க்கு 16-ஆக வெட்டி, அதில் பாடப்புத்தகப் பக்கம் திரையில் தெரியும் அளவில் ஒரு பத்தியை ஸ்கெட்ச் பேனாவால் எழுதிக் கரும்பலகைக்கு மேல் ஒட்டினேன். ஏழாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த மூன்று பிள்ளைகளை வாசிக்கச் சொன்னேன். ஒருத்தி தலைப்பை வாசித்தாள். மற்ற இருவரும் கண்ணைச் சுருக்கி, எழுந்து நின்று, "தெரியல மிஸ்" என்றார்கள். அந்த அறையில் கடைசி பெஞ்சு 20 அடி தள்ளி இருக்கிறது. 43 இன்ச்சுக்கும் இதே மாதிரி வெட்டிப் பார்த்தேன். அது சுமார் 37-க்கு 21 இன்ச் வரும், பரப்பில் 32 இன்ச்சைப் போல 1.8 மடங்கு. எழுத்தைப் பெரிதாக்கினால் கடைசி வரை தெரிந்தது. ஆகவே 20 பேருக்கு மேல் உட்காரும் அறைக்கு 32 இன்ச் வாங்காதீர்கள். அது ஸ்பீக்கரோடு கூடிய சின்ன சார்ட், அவ்வளவுதான். டிவி என்றால் 43, இல்லையென்றால் பணம் சேரும்வரை காத்திருங்கள். கடைக்குப் போவதற்கு முன் இந்தச் சார்ட் சோதனையைச் செய்துவிட்டுப் போங்கள். பத்து ரூபாய் செலவு.

43 இன்ச் டிவி நல்ல பொருள்தான். 80 முதல் 100 வாட் இழுக்கும், சாதாரண வீட்டு இன்வெர்ட்டரே தாங்கும். பகல் வெளிச்சத்திலும் படம் தெரியும். ஆனால் 20,000-ம் அதிலேயே முடிந்துவிடும். சுவரில் மாட்ட இரும்புச் சட்டம், ராத்திரி பூட்ட ஒரு வழி, ஸ்டெபிலைசர் என்று இன்னும் இரண்டாயிரம் கேட்கும். ஒரு வகுப்பில் மாட்டினால் மற்ற இரண்டு வகுப்புக்கும் அது இல்லை.

போனிலிருந்து திரைக்கு

டிவி ஏற்கெனவே இருக்கும் பள்ளிகளுக்காக இதைச் சொல்ல வேண்டும். போனில் தெரிவதை டிவியில் காட்ட போனின் டைப்-சி சார்ஜ் துளையிலிருந்து டிவியின் ஹெச்டிஎம்ஐ துளைக்குப் போகும் அடாப்டர் 600, 700 ரூபாய்க்கு விற்கிறார்கள். நான் பக்கத்துப் பள்ளி டிவியில் சோதிக்கலாமென்று ஒன்று வாங்கினேன். என் போனில் வேலை செய்யவில்லை. அடாப்டரில் பழுதே இல்லை. போனின் சார்ஜ் துளை வழியாகப் படம் வெளியே போக 'டிஸ்ப்ளேபோர்ட்' வசதி போனிலேயே இருக்க வேண்டும். 10,000, 15,000 ரூபாய் போன்களில் பெரும்பாலும் அது கிடையாது. துளை பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருப்பதால் ஏமாந்துபோகிறோம். போனின் மாடல் பெயரோடு தேடிப் பார்த்து, இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

கம்பியில்லாமல் காட்டும் வழிகள் வீட்டில் நன்றாக ஓடும். பள்ளியில் நெட் ஆடும்போது படமும் ஆடும், நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நின்றுகொண்டு 'கனெக்ட்' ஆவதற்குக் காத்திருப்பது ரொம்பக் கஷ்டம். இருப்பதிலேயே உறுதியான வழி 400 ரூபாய் பென்டிரைவ். முந்தின ராத்திரி வீட்டில் வீடியோவை எம்பி4 வடிவில் இறக்கி, பென்டிரைவில் போட்டு, டிவியின் பின்னால் செருகினால் நெட்டே வேண்டாம். தமிழ்நாட்டுப் பாடப்புத்தகங்களில் 2018-லிருந்து க்யூஆர் கோடு அச்சிடுகிறார்கள். மத்திய அரசின் தீக்ஷா செயலியில் அதை ஸ்கேன் செய்து, பாடத்துக்குரிய வீடியோவைப் போனிலேயே இறக்கி வைத்துக்கொண்டு பிறகு நெட் இல்லாமல் பார்க்கலாம். இந்த வசதி இருப்பதே பல ஆசிரியர்களுக்குத் தெரிவதில்லை. வகுப்பில் நின்று ஸ்கேன் செய்து, சுற்றிக்கொண்டே இருப்பதைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள்.

டேப்லெட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 10,000 ரூபாய்க்கு ஒன்று வரும். இரண்டு டேப்லெட், நூற்றுப் பத்து பிள்ளைகள். ஒரு பிள்ளையின் கைக்கு அது வருவதற்குள் மணி அடித்துவிடும்.

யாரும் சொல்லாத பொருள்: பிரிண்டர்

ஆசிரியர் அறையில் ஒருவர்கூடப் பிரிண்டர் என்று சொல்லவில்லை. டெக்னாலஜி என்றால் திரை என்று மனதில் பதிந்துவிட்டது. நான் பிரிண்டருக்கு வந்தது என் சொந்தச் செலவுக் கணக்கிலிருந்து. மாதா மாதம் பயிற்சித்தாளுக்காக டவுனில் ஜெராக்ஸ் எடுத்த சீட்டுகளைப் பர்ஸிலேயே போட்டு வைத்திருந்தேன்.

ஏழாம் வகுப்பில் 38 பேர். வாரம் இரண்டு தாள், வருடத்தில் 40 வாரம். மொத்தம் 3,040 தாள். எங்கள் டவுனில் ஜெராக்ஸ் ஒன்றரை ரூபாய். ஒரு வகுப்புக்கே 4,560 ரூபாய் ஆகிறது. புட்டியிலிருந்து மையை ஊற்றி நிரப்பும் இங்க் டாங்க் வகைப் பிரிண்டரில் ஒரு புட்டி கறுப்பு மைக்கு 4,000 பக்கத்துக்கு மேல் வரும் என்று நிறுவனங்கள் சொல்கின்றன, புட்டி 400, 500 ரூபாய். படமெல்லாம் போட்டு அடிப்பதால் அதைவிடக் குறைவாக வந்தாலும் மைக்கு ஒரு பக்கத்துக்கு 15 பைசாவுக்குள்தான் ஆகிறது. 500 தாள் கொண்ட ஏ4 கட்டு 280 ரூபாய் என்றால் தாளுக்கு 56 பைசா. ஆக ஒரு தாள் 70 பைசா சொச்சம். பாதித் தாளில் ஒரு பயிற்சி என்று வடிவமைத்து நடுவில் வெட்டினால் 35 பைசா. நான் இப்போது எல்லாவற்றையும் பாதித் தாளில்தான் செய்கிறேன். பிள்ளைகளும் நோட்டில் ஒட்ட அதுதான் வாட்டம் என்கிறார்கள்.

பிரிண்டர் வகையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இங்கேதான் காசு வீணாகும். 4,000 ரூபாய்க்கு விற்கும் கார்ட்ரிட்ஜ் இங்க்ஜெட்டைத் தொடவே தொடாதீர்கள். பிரிண்டர் மலிவு, கார்ட்ரிட்ஜ் சில நூறு பக்கத்தில் தீர்ந்துவிடும், ஒவ்வொரு முறையும் பிரிண்டர் விலையில் ஐந்தில் ஒரு பங்கு கொடுத்து மாற்ற வேண்டும். கறுப்பு லேசர் பிரிண்டர் உறுதியானது, மாதக்கணக்கில் சும்மா கிடந்தாலும் கெடாது. ஆனால் விலை குறைந்த மாடல்களில் டோனர் (மைத்தூள்) செலவு பக்கத்துக்கு ஒரு ரூபாயைத் தாண்டும், ஜெராக்ஸ் கடையைவிட லாபமில்லை. இங்க் டாங்க்கின் ஒரே நோய், சும்மா விட்டால் மை காய்ந்து முனை அடைத்துக்கொள்வது. கோடை விடுமுறைதான் ஆபத்து. பள்ளி பூட்டியிருந்தாலும் வாரம் ஒருமுறை போய் எல்லா நிறமும் வருகிற மாதிரி ஒரு பக்கம் அடித்துவிட்டு வருகிறேன். இதைச் செய்ய ஆள் இல்லாத பள்ளி லேசரே வாங்கட்டும். ஸ்கேன், காப்பி வசதியோடு இருக்கும் இங்க் டாங்க் மாடல் 12,000 சுமாருக்குக் கிடைக்கிறது. காப்பி வசதி இல்லாததை 1,500 குறைவு என்று வாங்காதீர்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளை கையால் வரைந்த படத்தை அப்படியே நாற்பது பிரதி எடுத்துக் கொடுக்கும்போது அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

கரண்ட் கேள்விக்கு வருவோம். அச்சடித்த தாளுக்குக் கரண்ட் வேண்டாம். காலையில் கரண்ட் இருக்கும்போது அடித்து வைத்தால் மதியம் போனாலும் வகுப்பு நடக்கும். கடைசி பெஞ்சுக் கேள்வியே எழவில்லை. தாள் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் இருக்கிறது, 20 அடி தள்ளி இல்லை.

ஒரு தடங்கல் இருந்தது, தட்டச்சு. பழைய வினாத்தாள்கள் எல்லாம் வானவில், பாமினி எழுத்துருவில் கிடக்கின்றன. போனில் திறந்தால் எதுவும் புரியாது. புதிதாகத் தமிழில் தட்டச்சு செய்ய எனக்கு வேகம் போதாது. போனில் கூகுள் விசைப்பலகையின் மைக்கைத் தொட்டுப் பேசினால் தமிழில் எழுதும் வசதி 2017-லேயே வந்துவிட்டது. பஸ்ஸில் வரும்போது பத்துக் கேள்வியை மெதுவாகச் சொல்லிவிடுகிறேன், பள்ளிக்கு வந்து ல, ள, ழ மட்டும் பார்த்துத் திருத்துகிறேன். பின்னம், அடுக்கு மாதிரிக் கணக்கு எழுத்துகளைக் கையால் எழுதிச் சேர்த்துக் காப்பி எடுத்துவிடுவேன். எல்லாம் கம்ப்யூட்டரிலேயே அழகாக வர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் எதுவும் நடக்காது. பாடப்புத்தகங்கள் பிடிஎஃப் ஆகப் பாடநூல் கழக இணையதளத்தில் இலவசமாகக் கிடைப்பதால் படங்களை அங்கிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

எல்லாப் பிள்ளைகளிடமும் பதில் வாங்க: மூன்று வழி

பாடம் நடத்திவிட்டு "புரிஞ்சுதா?" என்று கேட்டால் "புரிஞ்சுது மிஸ்" என்று கோரஸ் வரும். யாருக்குப் புரிந்தது என்று நமக்குத் தெரியாது. இதற்கு வினாடி வினா செயலிகள் இருக்கின்றன. நார்வேயிலிருந்து 2013-ல் வந்த கஹூட் பெயர் பெற்றது. 2015-ல் பெங்களூரில் தொடங்கிய குயிசிஸ் இப்போது வேகிரவுண்ட் என்று பெயர் மாற்றிக்கொண்டிருக்கிறது. நன்றாகத்தான் இருக்கின்றன, ஆனால் வழக்கமான முறையில் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு கருவி வேண்டும். எங்கள் பிள்ளைகளிடம் அது இல்லை. வீட்டில் செய்து வரச் சொன்னால் அப்பா வேலைக்குப் போனைக் கொண்டுபோய்விடுவார். போன் உள்ள பிள்ளைக்கு மார்க், இல்லாத பிள்ளைக்குக் கூச்சம். இந்த வேறுபாட்டை நாமே வகுப்புக்குள் கொண்டுவரக் கூடாது. கூகுள் ஃபார்ம்ஸுக்கும் இதே குறைதான். பெற்றோரிடம் தகவல் சேகரிக்க மட்டும் நான் அதைப் பயன்படுத்துகிறேன்.

எங்களுக்குப் பொருந்தியது பிளிக்கர்ஸ் என்ற செயலி. ஆசிரியரிடம் ஒரு போன், பிள்ளைகளிடம் காகித அட்டை. 40 அட்டை கொண்ட தொகுப்பை இலவசமாக இறக்கி அச்சடித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு அட்டையிலும் வெவ்வேறு கறுப்புக் கட்ட வடிவம், நான்கு ஓரத்திலும் ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்து. தன் பதில் மேலே வரும்படி அட்டையைத் திருப்பிப் பிடித்தால் போதும். நான் போன் கேமராவை இடமிருந்து வலமாக ஒரு சுற்றுக் காட்டுகிறேன். எந்த எண்ணுக்காரர் என்ன பதில் என்று திரையில் விழுந்துவிடுகிறது. எழுத்து பொடியாக இருப்பதாலும் ஒவ்வொரு வடிவமும் வேறாக இருப்பதாலும் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துக் காப்பியடிக்க முடியாது.

முதல் வாரம் நடந்ததைச் சொல்ல வேண்டும். பின்னக் கூட்டலைத் திருப்பிப் பார்க்கிற பாடம். அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டினால் எவ்வளவு என்று கரும்பலகையில் எழுதி நான்கு விடை கொடுத்தேன். வழக்கமாக முன்வரிசையில் கை தூக்கும் நால்வர் சொல்லியிருந்தால் ஐந்து பை ஆறு என்று சரியாக வந்திருக்கும், நானும் அடுத்த கணக்குக்குப் போயிருப்பேன். அன்று வந்திருந்த 36 பேரில் 21 அட்டை இரண்டு பை ஐந்து என்று நின்றது. மேலே மேலேயும், கீழே கீழேயும் கூட்டியிருக்கிறார்கள். போனைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் அப்படியே நின்றுவிட்டேன். ஆறாம் வகுப்பில் இதே பிள்ளைகளுக்கு இதே பாடத்தை நடத்தியவள் நான்தான். புத்தகத்தை மூடச் சொல்லி, பாதித் தாள்களைக் கொடுத்து மடிக்க வைத்தேன். "அரையே இரண்டு பை ஐந்தைவிடப் பெரிசு மிஸ், கூட்டினா எப்படிக் குறையும்?" என்று நான்காவது பெஞ்சுப் பையன் கேட்டான். அதற்கப்புறம் நான் பேச வேண்டியிருக்கவில்லை.

பிளிக்கர்ஸ் இலவசக் கணக்கில் ஒரு தொகுப்பில் எத்தனை கேள்வி வைக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. ஒரு பாடவேளைக்கு மூன்று நான்கு கேள்வி போதும் என்பதால் எனக்கு அது இடிக்கவில்லை. அட்டையைப் பளபளப்பாக லேமினேட் செய்யாதீர்கள். ஜன்னல் வெளிச்சம் பட்டுக் கேமரா தடுமாறும். சாதாரணத் தாளில் அடித்துப் பழைய நோட்டு அட்டையில் ஒட்டியிருக்கிறோம். பிள்ளைகளின் பெயரைச் செயலியில் போடுவதில்லை, வருகைப் பதிவேட்டு எண் மட்டும்தான். 2023-ல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தகவலுக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் பிள்ளைகளின் பெயரையும் போட்டோவையும் எங்கோ இருக்கும் கணினியில் ஏற்றி வைக்க எனக்கு மனசு வராது.

போனே வேண்டாம் என்பவர்களுக்குச் சிலேட்டு இருக்கிறது. ஒவ்வொருவரும் பதிலை எழுதி ஒரே நேரத்தில் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். கணக்கை எப்படிப் போட்டார்கள் என்று பார்க்கச் சிலேட்டுதான் பிளிக்கர்ஸைவிட மேல், ஏனென்றால் அட்டையில் வழிமுறை தெரியாது. ஆனால் 36 சிலேட்டையும் கண்ணால் ஓட்டும்போது யார் யார் தப்பு என்று நினைவில் நிற்காது. பிளிக்கர்ஸில் பதிவு இருக்கும், மறுநாள் அந்தப் பிள்ளைகளை மட்டும் தனியாக உட்கார வைக்கலாம். இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருக்கிறேன்.

தொண்டைக்கு ஒரு மைக்

இதை நம்மில் பலர் ஆடம்பரம் என்று நினைக்கிறோம். எட்டாம் வகுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் சாலை, மணல் லாரி போகிற வழி. ஒரு நாளைக்கு ஐந்து பாடவேளை கத்திப் பேசி, அக்டோபர் வாக்கில் குரல் கட்டி, வெந்நீரும் மிளகுப் பாலுமாக நாளைத் தள்ளுவது எங்களுக்குப் பழகிப்போன விஷயம். இடுப்பில் கட்டிக்கொள்ளும் மைக் 1,200 முதல் 2,000 ரூபாய் வரை. தலையில் மாட்டும் சின்ன மைக், இடுப்பில் கையகலப் பெட்டி. ஒருமுறை சார்ஜ் செய்தால் பள்ளி நேரம் முழுக்க ஓடுகிறது.

கம்பி உள்ளதா, இல்லாததா? கம்பியில்லாதது நடமாட வசதி, ஆனால் மைக்கையும் சேர்த்து இரண்டை சார்ஜ் செய்ய வேண்டும், ஒன்று மறந்தாலும் போச்சு. நான் கம்பி உள்ளதை எடுத்தேன். பெட்டியை முன்பக்கம் கட்டாமல் பின்னிடுப்புக்குத் தள்ளிக்கொண்டால் 'கீ' என்ற சத்தம் வருவதில்லை. ஒலியை ரொம்ப ஏற்றத் தேவையில்லை. சாதாரணமாகப் பேசும் குரல் கடைசி பெஞ்சு வரை போனால் போதும். வாங்கும்போது பென்டிரைவ் செருகும் துளை உள்ள மாடலாகப் பாருங்கள். ஆங்கில ஆசிரியர் கேட்ட ஸ்பீக்கர் வேலையையும் இதே பெட்டி செய்துவிடும், செய்யுளைப் பாட்டாகப் போடவும் ஆகும். ஒன்று முதல் மூன்று வரையிலான வகுப்பென்றால் பிரிண்டருக்கும் முன்னால் நான் இதைத்தான் வாங்குவேன். அந்த வயதில் காதுதான் முதல் வாசல்.

காசே வேண்டாதவை, கொஞ்சம் காசில் ஆகிறவை

ஃபெட் என்ற, திரையில் ஓட்டிப் பார்க்கும் அறிவியல் விளையாட்டுகளை நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002-ல் தொடங்கினார். மின்சுற்று, பின்னம், அடர்த்தி என்று நிறைய இருக்கிறது. இலவசம், இறக்கி வைத்து நெட் இல்லாமலும் ஓட்டலாம். திரை இருந்தால் பிரமாதம். திரை இல்லாத எங்களைப் போன்றவர்கள் போனில் ஐந்தைந்து பேராகக் கூப்பிட்டுக் காட்டலாம், நேரம்தான் பிடிக்கும். கணக்குக்கான ஜியோஜீப்ரா செயலியும் அப்படியே.

நுண்ணோக்கிக்கு ஃபோல்டுஸ்கோப் பரவாயில்லை. ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷ் குழுவினர் 2014-ல் வெளிக்கொண்டுவந்த காகித நுண்ணோக்கி, 140 மடங்கு பெரிதாக்கும். காகிதத்தை மடித்துக் கோப்பதைப் பிள்ளைகளே செய்துவிட்டார்கள். வெங்காயத் தோலில் அயோடின் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தபோது செங்கல் அடுக்கினாற்போல் செல் தெரிந்தது. போன் கேமராவில் ஒட்டிப் படமெடுக்கலாம். பள்ளி நுண்ணோக்கி ஒன்றுதான் இருக்கும், ஆசிரியர்தான் தொடுவார், பிள்ளைகள் வரிசையில் நின்று எட்டிப் பார்ப்பார்கள். இதைப் பையில் போட்டு வாய்க்காலுக்கே எடுத்துப் போகலாம். கண்ணில் வைத்துப் பழகச் சிலருக்கு நாளாகிறது, அது உண்மை. வேலை செய்யும் நல்ல நுண்ணோக்கி பள்ளியில் இருந்தால் அவசரமில்லை.

குப்பையிலிருந்து பொம்மை செய்து காட்டும் அரவிந்த் குப்தாவின் வீடியோக்களையும் சொல்லாமல் விட முடியாது. எட்டாம் வகுப்பு ஒலிப் பாடத்துக்கு உறிஞ்சுகுழாயின் நுனியைத் தட்டையாக்கி முக்கோணமாக வெட்டி ஊதிக்கொண்டே கத்தரிக்கோலால் நீளத்தைக் குறைத்தால் சுருதி ஏறுவது காதிலேயே கேட்கிறது. எந்தத் திரையும் அதை இவ்வளவு நன்றாகச் சொல்லாது.

கடைசியில் வாங்கியது

காப்பி வசதியுள்ள இங்க் டாங்க் பிரிண்டர் 12,400. ஏ4 தாள் ஐந்து கட்டு 1,400. கூடுதலாக ஒரு கறுப்பு மைப் புட்டி 450. இடுப்பு மைக் 1,500. பென்டிரைவ் 400. ஃபோல்டுஸ்கோப் சிலவும், கண்ணாடித் தகடு, அயோடின் என்று சில்லறையும் சேர்ந்து 1,650. மிச்சம் 2,200-ஐ அடுத்து வரும் மை, தாள் செலவுக்கென்று தனியாக வைத்தோம். இந்தக் கடைசி வரிதான் பல பள்ளிகளில் விட்டுப்போவது. முழுப் பணத்தையும் பொருளில் போட்டுவிட்டு, நான்கு மாதத்தில் மை தீர்ந்ததும் பிரிண்டருக்கு உறை போட்டு மூடிவிடுகிறார்கள்.

உங்கள் நிலைமை வேறாக இருந்தால் முடிவும் மாறும். பள்ளியில் நல்ல ஜெராக்ஸ் இயந்திரம் இருந்து, அதில் அடிக்க உங்களுக்கு அனுமதியும் கிடைத்தால் பிரிண்டர் வேண்டாம், நேராக 43 இன்ச் டிவிக்குப் போங்கள். டிவி இருக்கிறது ஆனால் சும்மா நிற்கிறது என்றால் பென்டிரைவும் மைக்கும் வாங்கினாலே பாதி வேலை முடிந்தது. 15 பிள்ளைகள் மட்டும் உள்ள தொடக்கப் பள்ளியில் 32 இன்ச்சும் தெரியும், சார்ட் சோதனை செய்து பாருங்கள். அடுத்த முறை பழைய மாணவர்கள் வந்தால் எங்களுக்கும் டிவிதான் கேட்பதாக இருக்கிறோம்.

வாங்கிய அன்றே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. பில் பள்ளியின் பெயரில் இருக்கட்டும், இருப்புப் பதிவேட்டில் ஏற்றித் தலைமையாசிரியர் கையெழுத்து வாங்கிவிடுங்கள். வாரண்டி அட்டையைப் போட்டோ எடுத்து ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டு வையுங்கள். எங்கள் பிரிண்டரில் ஏழாவது மாதம் தாள் இழுக்கும் உருளை மக்கர் செய்தது. அட்டையைத் தேடி பீரோவைக் கவிழ்க்காமல், அந்தப் போட்டோவைக் காட்டி இரண்டே நாளில் காசு கொடுக்காமல் சரிசெய்து வாங்கிவிட்டோம்.